பழைய பட்டறை நிலத்தில் மாணவர் விடுதி: எதை முதலில் செய்வது, எதை அடுத்து

கட்டட வடிவமைப்புப் பயிற்சிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே முகப்புப் படத்தோடு வந்து நிற்பார்கள். பூசாத செங்கல் சுவர், நடுவே முற்றம், பழைய இரும்பு டிரஸ் (கூரையைத் தாங்கும் சட்டம்) அப்படியே. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். "எத்தனை கட்டில்? ஒரு கட்டிலுக்கு எத்தனை சதுர அடி? அடியில் என்ன மண்?" என்று கேட்டால் பதில் வராது.

வடசென்னையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் மூடிக் கிடக்கும் பட்டறை நிலத்தில் விடுதி கட்டுவதென்றால் படம் வரைவது ஆறாவது ஏழாவது வேலை. அதற்கு முன்னால் செய்யவேண்டியதைத் தவறான வரிசையில் செய்தால் செய்ததையே திரும்பச் செய்ய வேண்டி வரும். அந்தச் செலவெல்லாம் கடைசியில் மாணவர் தலையில்தான் விழும். கணக்குகளை 96 கட்டில் என்று வைத்துச் சொல்கிறேன். உங்கள் நிலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூலப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, நகர நில அளவைப் பதிவேட்டின் நகல். இதெல்லாம் வக்கீல் கேட்பது. நமக்கு வேறு சில காகிதங்களும் வேண்டும்: பட்டறைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த அனுமதி, தொழிற்சாலை உரிமம், பழைய மின் கட்டண ரசீது. அங்கே என்ன வேலை நடந்தது, எவ்வளவு மின்சாரம் இழுத்தது என்று இவை சொல்லும்.

அதோடு அங்கே வேலை பார்த்த ஒரு ஆள். இதைப் பலரும் வேடிக்கையாக நினைக்கிறார்கள். வியாசர்பாடியில் ஒரு நிலத்தைச் சுற்றிப் பார்த்தபோது வாட்ச்மேன் பெரியவர் சொன்னார்: "சார், அந்த மூலையில கை வைக்காதீங்க. அங்கதான் முலாம் தொட்டி இருந்துச்சு. ஒழுகி ஒழுகி தரையே பச்சையா இருக்கும்." எந்தக் காகிதத்திலும் இல்லாத தகவல் அது. நாங்கள் படிக்கட்டு போட நினைத்திருந்ததும் அதே மூலைதான்.

1. நிலப் பயன்பாட்டைப் பாருங்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே

பட்டறை மூடிவிட்டது என்பதால் நிலம் குடியிருப்பு நிலமாகிவிடாது. 2008இல் ஒப்புதல் பெற்ற இரண்டாவது மாஸ்டர் பிளானில் அந்த சர்வே எண் எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) இணையதளத்திலேயே பார்க்கலாம். கலப்புக் குடியிருப்பு என்றால் நிம்மதி. தொழில் மண்டலம் என்றால் நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கட்டணமும் பல மாதமும் ஆகும். அத்தனை மாதத்துக்கும் வங்கி வட்டி ஓடும்.

சிட்கோ (சிறுதொழில் வளர்ச்சிக் கழகம்) தொழிற்பேட்டை மனை என்றால் ஒதுக்கீட்டு ஆணையின் நிபந்தனைகளை வரி விடாமல் படியுங்கள். தொழிலுக்கென்று கொடுத்த மனையில் தங்கும் விடுதி எளிதில் நடக்காது. பக்கிங்ஹாம் கால்வாய் ஓரமாகவோ எண்ணூர்ப் பக்கமாகவோ இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள்.

எண்ணெய்க் கிடங்கு, ரசாயனக் கிடங்கு பக்கத்து மதிலாக இருந்தால் நான் அங்கேயே திரும்பி வந்துவிடுவேன். அனுமதி கிடைத்தாலும் சரி.

இடம் தேர்வு செய்ய இன்னொரு அளவுகோல், நடந்து போகும் தூரம். 2021 பிப்ரவரியிலிருந்து மெட்ரோ விம்கோ நகர் வரை ஓடுகிறது. ஸ்டான்லி, சர் தியாகராயா, பாரதி மகளிர், வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரி எல்லாம் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். பத்து நிமிட நடையில் ஸ்டேஷனோ பஸ் ஸ்டாப்போ இருந்தால் பையன்கள் வண்டி வாங்குவது குறையும். வண்டி நிறுத்தும் இடத்தில் கொஞ்சம் மிச்சமாகும்.

2. மண் சோதனை ஒன்றல்ல, இரண்டு

அடிக்கடி பார்க்கும் தவறு இதுதான். "சாயில் டெஸ்ட் எடுத்தாச்சு சார்" என்று ஒரு அறிக்கையை நீட்டுவார்கள். பிரித்துப் பார்த்தால் மண் எவ்வளவு எடை தாங்கும் என்பது மட்டும் இருக்கும். அது அஸ்திவாரத்துக்கு. மண்ணில் என்ன கலந்திருக்கிறது என்பது வேறு சோதனை, வேறு ஆய்வகம்.

முலாம் பூசிய இடமென்றால் குரோமியம், நிக்கல். பேட்டரி, பெயின்ட் வேலை நடந்திருந்தால் ஈயம். லேத், மெக்கானிக் ஷெட் என்றால் எண்ணெய். சாயப் பட்டறையில் உப்பும் உலோகமும். என்ன தேடுகிறோம் என்று ஆய்வகத்துக்கு நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்காததை அவர்கள் பார்க்க மாட்டார்கள்.

மாதிரி எடுக்க நிலத்தின் நடுவில் ஒரு குழி போதாது. தொட்டி இருந்த இடம், டிரம் அடுக்கிய இடம், வடிகால் வெளியேறும் முனை, டிரான்ஸ்ஃபார்மர் மேடை, இந்த நான்கும் கட்டாயம். ஒவ்வொன்றிலும் மூன்று ஆழம்: மேல் அரை அடி, மூன்று அடி, நீர்மட்டத்துக்குச் சற்று மேல். போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) உள்ள தண்ணீரையும் தனியாக அனுப்புங்கள். 2013இல் தண்டையார்பேட்டையில் குழாய்க் கசிவால் வீட்டு போர்களிலேயே எண்ணெய் வந்தது. நம் நிலம் சுத்தமாக இருந்தாலும் அடியில் ஓடும் தண்ணீர் பக்கத்து நிலத்தது.

கெட்ட மண் ஒரு மூலையில் மட்டும் என்றால் தோண்டி, அபாயக் கழிவாக ஒப்படைத்துவிடலாம்; கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் அதற்கான மையம் உண்டு. பரவலாக இருந்தால் மேலே கான்கிரீட் போட்டு மூடி, தரைத்தளத்தை வண்டி நிறுத்தமாகத் திறந்து விட்டு, படுக்கையறைகளை முதல் மாடியிலிருந்து தொடங்குவேன். மண்ணிலிருந்து ஆவி எழுந்தாலும் திறந்த தளத்தில் கலைந்து போய்விடும். இந்த முடிவு கட்டடத்தின் உயரத்தையே மாற்றும். மண்ணைப் பார்க்காமல் படம் வரையக் கூடாது என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

3. வாடகையிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

"குறைந்த செலவில் கட்டினோம், ஆனால் வாடகை கூடிவிட்டது" என்பார்கள். அவர்கள் கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள். முதலில் வாடகையை வையுங்கள். சாப்பாடு சேராமல் கட்டிலுக்கு மாதம் 4,500 ரூபாய் என்று கொள்வோம்.

96 கட்டில், மாதம் 4,32,000. வருடத்துக்கு 12ஆல் பெருக்காதீர்கள். மே, ஜூனில் ஊருக்குப் போய்விடுவார்கள், 10 மாதம்தான். ஆக 43.2 லட்சம். வார்டன், வாட்ச்மேன், கரண்ட், தண்ணீர் லாரி, வரி, பழுதுபார்ப்பு எல்லாவற்றுக்கும் 40 சதவீதம் கழித்தால் மிச்சம் சுமார் 26 லட்சம். 10 சதவீத வட்டி, 15 ஆண்டுத் தவணை என்றால் இந்தத் தொகை அடைக்கக்கூடிய கடன் ஏறக்குறைய 2 கோடி. கட்டிலுக்கு 2.09 லட்சம்.

கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,200 என்று வைத்தால் கட்டிலுக்கு 95 சதுர அடி கிடைக்கிறது. அறை, நடை, படிக்கட்டு, கழிப்பறை, எல்லாம் அதற்குள். நில விலை இதில் சேரவில்லை. அதனால்தான் இந்த வாடகை குத்தகை நிலத்திலோ அறக்கட்டளை நிலத்திலோதான் நடக்கும்.

புதியவர்கள் கொண்டுவரும் படத்தில் ஒவ்வொரு அறைக்கும் அட்டாச்டு பாத்ரூம், கட்டிலுக்கு 160 சதுர அடி இருக்கும். இதே கணக்கில் அதன் வாடகை 7,500ஐத் தாண்டும். அழகான படம்தான், யாருக்காக வரைந்தோமோ அவன் வாசலோடு திரும்பிப் போய்விடுவான்.

4. எதை வைப்பது, எதைக் கழற்றுவது

இருக்கும் கட்டடத்தை இடிக்காமல் வைப்பதுதான் மிகப் பெரிய சிக்கனம், பணத்திலும் சிமென்டிலும். ஆனால் எல்லாவற்றையும் வைக்க முடியாது.

முதலில் கூரை. அந்தக் காலத்து அலை அலையான சாம்பல் ஷீட் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ். கடப்பாரையால் தட்டி உடைத்துக் கீழே தள்ளுவதுதான் வழக்கம். அந்தத் தூசிதான் நுரையீரலுக்கு எமன். தண்ணீர் பீய்ச்சி நனைத்து, போல்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்கி, இரட்டைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, அபாயக் கழிவாக அனுப்ப வேண்டும். ஆட்களுக்கு முகமூடி என்றால் கைக்குட்டை அல்ல. இதை டெண்டரில் தனி வரியாக எழுதாவிட்டால் இடிப்பு கான்ட்ராக்டர் தன் வழக்கப்படிதான் செய்வார்.

டிரஸ்ஸை வைக்கலாமா என்று பெயின்ட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. கடல் காற்று தின்ற இரும்பு. துருவைச் சுரண்டிவிட்டு, தூண் அடியிலும் ஜாயின்ட்டிலும் தடிமனை அளந்து, ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

கொட்டகையை மெஸ், படிப்புக் கூடம் ஆக்குங்கள், அறைகளாகத் தடுக்காதீர்கள். 18 அடி உயரம் இருக்கிறதே, நடுவில் ஒரு தளம் போட்டால் இரண்டு மாடி கிடைக்குமே என்று தோன்றும். அந்தப் புதுச் சுமை பழைய அஸ்திவாரத்தில் இறங்கும். மேல்தளத்தில் படுப்பவன் ஷீட்டுக்கு அடியில் வேகுவான்.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் தட்டினால் சுத்தமாகப் பிரியும், மறுபடி கட்டலாம். சிமென்ட் சாந்தில் கட்டியது உடைந்துதான் வரும், ஜல்லிக்குத்தான் ஆகும். எண்ணெய் குடித்த செங்கலை எதற்கும் தொடாதீர்கள். பூச்சு நிற்காது, மழைக்காலத்தில் வாடை வரும்.

5. தண்ணீர்க் கணக்கு

ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர். அதில் 45 லிட்டர் கழிப்பறைக்குப் போகும். இது இந்தியத் தர நிர்ணய அளவு. 96 பேருக்கு 12,960 லிட்டர். ஒரு 9,000 லிட்டர் லாரி முக்கால் நாள்கூட வராது.

குளித்த தண்ணீரைச் சுத்தம் செய்து ஃப்ளஷுக்கு விட்டால் 4,320 லிட்டர் மிச்சம். தேவை 8,640க்கு இறங்கும். அதாவது ஒரு லாரி, ஒரு நாள். 2019 கோடையில் லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும்.

இங்கே எல்லாரும் செய்யும் பிழை, மொத்தக் கழிவுநீருக்கும் பெரிய சுத்திகரிப்பு நிலையம் போடுவது. ஓட்டும் செலவு தாங்காமல் ஆறாவது மாதம் ஸ்விட்சை அணைத்துவிடுவார்கள். ஃப்ளஷுக்கு வேண்டியது சுமார் 4,500 லிட்டர். அவ்வளவுக்கு மட்டும் வடிகட்டித் தொட்டி, ஜல்லி, கல்வாழைப் பாத்தி, கடைசியில் குளோரின் போதும். மிச்சம் சாக்கடை இணைப்புக்குப் போகட்டும். சமையலறைத் தண்ணீரை இதில் சேர்க்காதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கில் ஜல்லி அடைத்துக்கொள்ளும்.

குழாய் நிறத்தில் கவனம். ஒரு வேலையில் இரண்டு லைனுக்கும் ஒரே வெள்ளைக் குழாய் வாங்கிவிட்டோம். மூன்றாவது மாடியில் பிளம்பர் ஃப்ளஷ் லைனைக் கை கழுவும் குழாயில் மாட்டிவிட்டார். சோப்பு போடாமலே நுரை வருகிறதே என்று ஒரு பெண் கேட்டபிறகுதான் தெரிந்தது. டைல்ஸை உடைத்துப் பிரித்தோம். இப்போது வேறு நிறக் குழாய். பூசுவதற்கு முன் ஒரு லைனை மட்டும் திறந்து ஒவ்வொரு குழாயாகப் பார்க்கிறோம்.

மழைநீர். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர். புது மாடியும் கொட்டகைக் கூரையும் சேர்ந்து 5,000 சதுர அடி என்றால், ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 5.2 லட்சம் லிட்டர் வரும். கேட்க இனிக்கும். ஆனால் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் சில நாட்களில் கொட்டும். 100 மில்லிமீட்டர் பெய்யும் ஒரே நாளில் 37,000 லிட்டர். அத்தனைக்கும் தொட்டி கட்டக் கட்டுபடியாகாது. 20,000 லிட்டர் மழைத் தொட்டி தனியாக. அது நிரம்பினால் உறிஞ்சு குழிக்கு.

உறிஞ்சு குழியை மண் அறிக்கை வந்த பிறகே குறியுங்கள். 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் மதில் ஓரமாக வரிசையாகக் குழி போட்டுவிடுகிறார்கள். குரோமியம் கலந்த மண்ணில் குழி போட்டால் விஷத்தைக் கழுவி ஊர் போருக்கு அனுப்புகிறோம் என்று அர்த்தம். சுத்தமென்று அறிக்கை சொன்ன பக்கத்தில் மட்டும் குழி.

6. வெள்ளக் குறி

2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாமிலும் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று தெருவில் நாலு வீட்டில் கேளுங்கள். அதற்கு மேலே ஒரு அடி. மின் பலகை, மோட்டார் ஸ்டார்ட்டர், சம்ப் மூடி மூன்றும் அந்தக் கோட்டுக்கு மேல். சாலை மேலும் உயரும் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

7. இப்போது வரையலாம்: காற்று, வெயில், லாரி

மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும். அறைகளை அதற்குத் திறக்க வேண்டும். மேற்கில் படிக்கட்டு, கழிப்பறை, துணி துவைக்கும் இடம். அந்தச் சுவர் வெயிலை வாங்கிக்கொள்ளட்டும். இது எல்லாருக்கும் தெரியும்.

தெரியாதது வடக்கு. வட இந்தியாவுக்கும் மேல்நாட்டுக்கும் எழுதிய பாடத்தைப் படித்துவிட்டு வடக்கு ஜன்னலுக்கு நிழலே வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அக்னி நட்சத்திரம் அதற்குள்தான் வருகிறது. வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேட் போடுங்கள், பக்கவாட்டில் ஒரு மறைப்பும் வையுங்கள். காலையிலும் மாலையிலும் சாய்ந்து வரும் வெயிலை மேலே உள்ள ஷேட் தடுக்காது.

வடசென்னைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கிழக்கே சாலை இருந்தால் கடற்காற்றும் கன்டெய்னர் லாரித் தூசியும் ஒரே வழியில் வரும். ஜன்னலைத் திறந்தால் கரி, மூடினால் புழுக்கம். நாங்கள் செய்தது: சாலைப் பக்கம் அறை வைக்காமல் ஒரு நடையை ஓடவிட்டு, அதன் வெளிச்சுவரை ஓட்டை விட்டுக் கட்டும் ஜாலிக் கட்டாக்கி, முன்னால் புங்க மரம் நட்டோம். அறை நடைக்கும் உள்முற்றத்துக்கும் இரண்டு பக்கமும் திறக்கும். காற்று வந்தது. சத்தம் பாதிதான் குறைந்தது. இரவு லாரி ஹாரனுக்கு ஜாலி என்ன செய்யும்.

கொசுவலை காற்றைக் குறைக்கும். அதனால் ஜன்னலை வலை இல்லாத கணக்கைவிடப் பெரிதாக வையுங்கள். ஏ.சி. லைன் எல்லா அறைக்கும் இழுக்க வேண்டாம். 75 வாட் ஃபேனுக்குப் பதில் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் போட்டால், 40 ஃபேன் நாளைக்கு 14 மணி நேரம் ஓடும் இடத்தில் 25 யூனிட் மிச்சம்.

உயரம் 18.30 மீட்டருக்குள் நிற்கட்டும். அதைத் தாண்டினால் உயர்மாடி விதிகள் வந்துவிடும். 96 கட்டில் அந்தச் செலவைத் தாங்காது. இரண்டு படிக்கட்டு, ஒரு லிஃப்ட். தரைத்தளத்தில் அறை இல்லை என்றால் சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்கு லிஃப்ட்டை விட்டால் வழியில்லை.

8. அறை, கழிப்பறை, துணி

10க்கு 16 அடி, மூன்று பேர். ஆளுக்கு 53 சதுர அடி. கட்டில் ஆறேகாலுக்கு மூன்று, மேசை மூன்றுக்கு ஒன்றேமுக்கால், பூட்டக்கூடிய அலமாரி. வரைபடத்தில் போடுவதற்கு முன் தரையில் சாக்பீஸால் முழு அளவில் கோடு போட்டு மூன்று பேரை நடக்கவிடுங்கள். அலமாரிக் கதவைத் திறந்தால் நாற்காலி இடிப்பது அப்போதுதான் தெரியும். ஒவ்வொரு தலைமாட்டிலும் ஒரு பிளக் பாயின்ட். இல்லாவிட்டால் எக்ஸ்டென்ஷன் பெட்டி தரையில் கிடக்கும், துடைக்கும் தண்ணீரில் நனையும்.

எட்டுப் பேருக்கு ஒரு கழிப்பறை என்பது நூல் கணக்கு. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு. நான் ஆறு பேருக்கு ஒன்று வைப்பேன். குளியலறையும் கழிப்பறையும் தனித்தனியாக. சேர்த்து வைத்தால் ஒருவர் குளித்து முடிக்கும்வரை இரண்டும் முடங்கும். எல்லா மாடியிலும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஆள் நுழையும் அளவு டக்ட்டோடு (குழாய்கள் இறங்கும் செங்குத்து இடைவெளி). குழாய் நீளம் குறையும், ஒழுகினால் டைல்ஸை உடைக்க வேண்டியிருக்காது.

துணியை யாரும் யோசிப்பதில்லை. 96 பேர் துவைத்தால் எங்கே காயும்? இடம் கொடுக்காவிட்டால் ஜன்னல் கிரில்லில்தான் காயும். நாம் கணக்குப் போட்டு வைத்த காற்று முழுவதும் ஈரப் போர்வையில் முட்டி நிற்கும்.

9. மொட்டை மாடி

சோலார் பலகைகளைத் தரையோடு படுக்க வைக்காமல் எட்டு அடி உயரச் சட்டத்தில் ஏற்றுங்கள். சட்டத்துக்குச் செலவு கூடத்தான். ஆனால் அடியில் கயிறு கட்டினால் துணி காயும், கார்த்திகை மழையிலும் ஓரளவு தாங்கும். மேல்மாடி அறைக்கு நிழலும் ஆயிற்று. புயலுக்குத் தாங்கும்படி சட்டத்தைத் தூணோடு சேர்த்துக் கட்ட வேண்டும். தளத்தில் போல்டு அடித்தால் அங்கேதான் முதலில் ஒழுகும். பலகை மறைக்காத இடத்தில் வெதரிங் கோர்ஸ் (வெயில், மழை தாங்கும் மேல் அடுக்கு) போட்டு மேலே வெள்ளைக் கூல் டைல்ஸ்.

10. உரிமங்களும் ஒப்படைப்பும்

பெண்கள் விடுதி என்றால் பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் 2014 தமிழ்நாட்டுச் சட்டப்படி ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். நுழைவாயில், வார்டன் அறை, பார்வையாளர் இடம் எல்லாம் அதை வைத்தே அமையும் என்பதால் விதிகளைப் படம் வரையும்போதே படியுங்கள். மெஸ்ஸுக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம். மின் இணைப்பு எந்தக் கட்டண விகிதத்தில் வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2024 ஜூலை 15 முதல், தொடர்ந்து 90 நாள் தங்குபவருக்கு ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய் வரையிலான தங்கும் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, வாடகை ஒப்பந்தத்தில் காலத்தைத் தெளிவாக எழுதுங்கள்.

வால்வுகளின் படம் ஒன்றை, எது எந்த லைன் என்று தமிழில் எழுதி, மோட்டார் ரூம் சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள். வார்டன் மாறுவார், பிளம்பர் மாறுவார்.

கான்ட்ராக்டரின் கடைசித் தவணையை அக்டோபர் வரை கையில் வைத்திருங்கள். முதல் பெருமழை அன்று குடையோடு போய் மாடியில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, மழைத் தொட்டி நிரம்பியபின் வழிவது எந்தக் குழிக்குப் போகிறது, மேற்குச் சுவரில் எந்த ஜன்னல் ஓரம் ஈரம் ஏறுகிறது என்று பார்த்து, நனைந்த இடத்தை எல்லாம் ஃபோனில் படம் எடுத்து அன்று மாலையே மேஸ்திரிக்கு அனுப்புங்கள்.